வாஷிங்டன் வழியாக வரும் உலகம்: என்பிஆர் வானொலிக்குச் சந்தா கட்டும் ஒரு நேயரின் மதிப்புரை

போஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, காரில் போகும்போது எந்த வானொலியைக் கேட்கலாம் என்பதுதான். அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்பிஆர் என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அது ரொம்ப ஒருபக்கமாமே?" எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பதில். இஸ்ரேல் அரசை வேண்டுமென்றே குறை சொல்கிறது என்பார் ஒருவர். இஸ்ரேல் ராணுவம் சொல்வதை அப்படியே ஒப்பிக்கிறது என்பார் இன்னொருவர். மோடி அரசு என்றாலே குற்றம் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கோபப்படுவார். என்னோடு வேலை பார்க்கும் ஈரானியத் தோழி, "எங்கள் நாட்டைப் பற்றி அணுகுண்டு இல்லாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதா இவர்களுக்கு?" என்பாள்.

இந்தக் குற்றச்சாட்டுகளை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டேதான் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். மருத்துவமனை பார்மசியில் எனக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். மருந்து ரேக்குக்கு மேல் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, அது என்பிஆர் நிகழ்ச்சிகள் வரும் 90.9 நிலையத்தை விட்டு நகர்வதில்லை. நடுராத்திரிக்கு மேல் அதில் பிபிசி உலக சேவை ஓடும். காலை 5 மணிக்கு என்பிஆரின் 'மார்னிங் எடிஷன்' தொடங்கும். ஒரு நாட்டில் நடந்த ஒரே சம்பவத்தை முதலில் லண்டன் சொல்லி, கொஞ்ச நேரத்தில் வாஷிங்டன் சொல்லிக் கேட்கிற வாய்ப்பு இந்த வேலையால் எனக்குக் கிடைத்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேளுங்கள், வசதி இருந்தால் பணமும் கட்டுங்கள். இந்த நாட்டின் மேல் பாசம், அந்த நாட்டின் மேல் வெறுப்பு என்று நிரந்தரமான சாய்வு எதுவும் இந்த வானொலிக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோணல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு அரசு என்ன செய்தாலும், அதனால் வாஷிங்டனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வழியாகவே அதைப் பார்க்கிற பழக்கம் அது. அந்த நாட்டில் சொந்தச் செய்தியாளர் இருக்கும்போது கோணல் நிமிர்கிறது. இல்லாத இடத்தில் நன்றாகவே தெரிகிறது.

முதலில் ஒரு விஷயம். இது அரசாங்க வானொலி அல்ல. வெளிநாட்டாருக்காக அமெரிக்க அரசு நடத்தியது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா. அது தனிக் கதை. என்பிஆர், 1967-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட பொது ஒலிபரப்புச் சட்டத்தின் தொடர்ச்சியாக 1970-ல் உருவானது. அதன் மாலைச் செய்தி நிகழ்ச்சியான 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' 1971 மே 3 அன்று முதல் முறையாக ஒலித்தபோது, வியட்நாம் போருக்கு எதிராக வாஷிங்டன் தெருக்களில் அன்று நடந்த மறியலைத்தான் விரிவாகச் சொன்னது. 90.9 போன்ற உள்ளூர் நிலையங்கள் தனித்தனி அமைப்புகள். இது போஸ்டன் பல்கலைக்கழகத்துடையது. அவை என்பிஆருக்குக் கட்டணம் கட்டி நிகழ்ச்சிகளை வாங்குகின்றன. அந்தப் பணத்தில் பெரும்பங்கு நேயர்களும் புரவலர் நிறுவனங்களும் தருவது. 2023 ஏப்ரலில் ட்விட்டர் நிறுவனம் ரஷ்ய, சீன அரசு ஊடகங்களுக்குப் போட்ட அதே முத்திரையை என்பிஆருக்கும் குத்தியது. மத்திய அரசிடமிருந்து நேரடியாக வருவது மொத்த வருமானத்தில் ஒரு சதவீதம் அளவுதான் என்று விளக்கிவிட்டு, என்பிஆர் அந்தத் தளத்தை விட்டே வெளியேறியது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜூலையில், பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. அரசின் ஊதுகுழல் என்று ஒரு தரப்பும், அரசுக்கு விரோதி என்று அரசே இன்னொரு பக்கமும் சொல்லும் வானொலி இது.

சரி, சாய்வு விஷயத்துக்கு வருகிறேன். போஸ்டன் நேயர்களுக்கு இது வெறும் கருத்துச் சண்டையாக இருந்ததில்லை. பணத்தில் தெரிந்த சண்டை. இஸ்ரேலுக்கு எதிராகப் பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சி (இன்டிஃபாதா) நடந்த காலத்தில், 2001, 2002 வாக்கில், என்பிஆர் பாலஸ்தீனர் பக்கம் சாய்கிறது என்று சொல்லி, போஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கேமரா என்ற இஸ்ரேல் ஆதரவு ஊடகக் கண்காணிப்பு அமைப்பு பிரச்சாரம் செய்தது. புரவலர்கள் சிலர் விலகினார்கள். 90.9 பத்து லட்சம் டாலருக்கு மேல் இழந்தது. 2003 மே மாதம் பல நகரங்களில் பொது வானொலி நிலையங்களின் வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. நேயர் பணத்தில் நடக்கும் நிலையத்துக்கு இது எப்படிப்பட்ட அடி என்பது, நிதி திரட்டும் வாரங்களில் அறிவிப்பாளர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

அதே 2001-ல், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஃபேர் என்ற இடதுசாரிக் கண்காணிப்பு அமைப்பு ஒரு வேலை செய்தது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதம் இஸ்ரேல்-பாலஸ்தீனப் பகுதிகளில் நடந்த சாவுகளையும், என்பிஆர் அவற்றில் எத்தனையைச் சொன்னது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணியது. வானொலியில் சொல்லப்பட்டவை: இஸ்ரேலியர் 62, பாலஸ்தீனர் 51. கேட்கும்போது ஏறக்குறைய சமம்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் உண்மையில் செத்தவர்கள் இஸ்ரேலியர் 77, பாலஸ்தீனர் 148. அதாவது ஓர் இஸ்ரேலியர் செத்தால் அந்தச் செய்தி வானொலியில் வர 81 சதவீத வாய்ப்பு. பாலஸ்தீனர் செத்தால் 34. குழந்தைகள் கணக்கு இன்னும் கஷ்டமானது. 18 வயதுக்குக் கீழ் இறந்த இஸ்ரேலியர் 19 பேரில் 17 பேரின் சாவு சொல்லப்பட்டது. இறந்த பாலஸ்தீனச் சிறுவர் சிறுமியர் 30 பேரில் 6 பேருடைய சாவு மட்டும் வந்தது.

இந்த எண்களை நான் ஏன் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், சாய்வு என்பது எப்படி உருவாகிறது என்று காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 62-க்கு 51 என்று சொன்ன செய்தியாளர் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு செய்தியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாமல்கூட இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணமே, சமமில்லாத ஒரு நடப்பைச் சமமாகக் காட்டிவிட்டது. ஃபேர் அமைப்புக்கும் ஒரு பக்கம் உண்டு, நடுவர் இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்து எழுதியவர்களிடம் நாமும் எண்ணிப் பார்த்துத்தான் சண்டை போட முடியும். அந்த மரியாதையை நான் அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

என்பிஆர் இதற்கெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்தியக் கிழக்குச் செய்திகளின் எழுத்துப் பிரதியை இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். அங்கே முன்பு வெளிநாட்டுச் செய்தி ஆசிரியராக இருந்த ஜான் ஃபெல்டனிடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இஸ்ரேல்-பாலஸ்தீனச் செய்திகள் முழுவதையும் மதிப்பிடும் பொறுப்பைக் கொடுத்து, அந்த மதிப்பீடுகளை வெளியிட்டார்கள். நேயர் புகாரை விசாரிக்க 2000-லேயே ஒரு தனிப் பதவி உருவாக்கப்பட்டிருந்தது. இன்று அதன் பெயர் பொது ஆசிரியர், 2020 முதல் கெல்லி மெக்பிரைட் வகிக்கிறார். இந்த அளவுக்குத் தன் கணக்கைத் தானே திறந்து காட்டிய செய்தி நிறுவனம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. நான் பணம் கட்டுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது வாஷிங்டன் கோணல். மணிக்கு ஒரு முறை வரும் செய்தித் தொகுப்பு சுமார் ஐந்து நிமிடம். அதில் ஒரு வெளிநாட்டுச் செய்திக்கு அரை நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த அரை நிமிடத்தை உற்றுக் கேளுங்கள். முதல் வாக்கியம் பெரும்பாலும் வெள்ளை மாளிகையோ வெளியுறவுத் துறையோ பென்டகனோ சொன்னது. இரண்டாவது வாக்கியத்தில் அந்த நாட்டு அரசு மறுக்கும். மூன்றாவது வாக்கியம், இதனால் அமெரிக்கத் துருப்புகளுக்கு, அல்லது எண்ணெய் விலைக்கு, அல்லது பேச்சுவார்த்தைக்கு என்ன ஆகும் என்பது. அந்த ஊரில் வாழ்கிறவர் யாரும் வாயே திறக்கவில்லை. அடுத்து வரும் நான்கு நிமிடப் பேட்டியில் நிகழ்ச்சி நடத்துபவர் தங்கள் வெள்ளை மாளிகைச் செய்தியாளரிடமே கேட்பார்; அவர் அதிபர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று சொல்வார். பிறகு ஓர் ஆய்வு மையத்திலிருந்து ஒரு முன்னாள் அதிகாரி. நான்கு மணிச் செய்தியில் பிபிசியில் அந்த நாட்டு வியாபாரியோ வக்கீலோ தன் குரலில் பேசியிருப்பார். ஒரு மணி நேரத்துக்குள் அவர் காணாமல் போய்விடுகிறார்.

இதுவும் என் காதுக்கு மட்டும் பட்ட விஷயம் அல்ல. 2003 ஜூன் மாத என்பிஆர் செய்திகளில் யார் யார் பேசினார்கள் என்று ஃபேர் 2004-ல் கணக்கெடுத்தபோது, அரசு அதிகாரிகள், நிபுணர்கள், நிறுவனப் பிரதிநிதிகள் என்று மேல்தட்டினர் மட்டுமே 64 சதவீதம் இருந்தார்கள். இராக் போர் தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்த நேரம் அது. இடதுசாரி வானொலி என்று பெயரெடுத்த இடத்தில், பேசிய கட்சிக்காரர்களில் குடியரசுக் கட்சியினர் 61 சதவீதம், ஜனநாயகக் கட்சியினர் 38. அப்போது ஆட்சியில் இருந்தது புஷ். ஆட்சியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் குரல் அதிகம் கேட்கும். வாஷிங்டன் பக்கம் சாய்வு என்று நான் சொல்வது இதைத்தான். கட்சிச் சாய்வு என்று தேடினால் கிடைக்காது.

ஆட்சியாளர்களுக்கும் இந்த வானொலியின் மீது எப்போதும் ஒரு கண் இருந்திருக்கிறது. 1980-களில் ரீகன் அரசு, நிகரகுவாவின் சாண்டினிஸ்டா அரசுக்கு எதிராகக் கான்ட்ரா என்ற கிளர்ச்சிப் படைகளை ஆதரித்தது. அந்தக் கொள்கைக்கு ஊடகத்தில் நல்ல பெயர் வாங்கித்தர வெளியுறவுத் துறைக்குள் 'பொது ராஜதந்திர அலுவலகம்' ஒன்று இருந்தது. ஓட்டோ ரைக் அதன் தலைவர். கான்ட்ராக்களின் அட்டூழியத்தைப் பற்றி என்பிஆர் செய்தி போட்ட பிறகு, ரைக் அதன் ஆசிரியர்களைச் சந்தித்து உங்கள் செய்தி ஒருபக்கமாக இருக்கிறது என்று குறை சொன்னார். பின்னால் 1987-ல், அந்த அலுவலகம் சட்டம் தடை செய்த மறைமுகப் பிரச்சாரத்தில் ஈடுபட்டது என்று அமெரிக்க அரசின் தலைமைத் தணிக்கையாளரே கண்டறிந்தார். ஒரு வெளிநாட்டு அரசைப் பற்றிச் சமநிலையாகச் சொல்லவில்லை என்று புகார் வரும்போது, புகார் கொடுப்பவர் யார் என்று பார்ப்பதும் நேயரின் வேலை என்று எனக்கு உணர்த்தியது இந்த வரலாறுதான்.

இந்திய அரசும் விலக்கல்ல. 1975 நெருக்கடி நிலையில் பிபிசியின் மார்க் டல்லியை நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். 2023 பிப்ரவரியில், மோடி பற்றிய ஆவணப்படம் வந்த சில வாரத்திலேயே டெல்லி, மும்பை பிபிசி அலுவலகங்களில் வருமான வரித் துறை ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு சமயத்திலும் ஆட்சியில் இருந்தது வேறு வேறு கட்சி. மோடி மேல் காழ்ப்பு என்று சொல்லும் நண்பரிடம் நான் இதைத்தான் சொல்வேன்: "உங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னார்களா, தப்பாகச் சொன்னார்களா? தப்பு என்றால் எந்த வரி என்று எடுத்துக் காட்டுங்கள், நானும் சேர்ந்து எழுதிப் போடுகிறேன்." இந்தியாவைப் பற்றி எனக்கு இருக்கும் குறை வேறு. தேர்தல், கலவரம், வெயில், விமான விபத்து என்றால் செய்தி வரும். மாநில அரசு என்று ஒன்று இருப்பதே அமெரிக்க நேயருக்குத் தெரியாத மாதிரிதான் செய்தி வருகிறது. 140 கோடிப் பேரை டெல்லி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

வெனிசுவேலா விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது பொறுமை. 2019 ஜனவரி 23 அன்று எதிர்க்கட்சித் தலைவர் குவாய்டோ தன்னை இடைக்கால அதிபர் என்று அறிவித்தார். அமெரிக்கா அன்றே அங்கீகரித்தது. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 23, கொலம்பிய எல்லைப் பாலத்தில் உதவிப் பொருள் ஏற்றிய லாரி தீப்பிடித்து எரிந்தது. அப்போதைய அதிபர் மதுரோவின் ஆட்கள் கொளுத்திவிட்டார்கள் என்று அமெரிக்க அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் சொல்ல, அமெரிக்க ஊடகங்கள் பலவற்றில் அதுவே செய்தியாக ஓடியது. இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் வீடியோக்களைக் கோத்துப் பார்த்து, எதிர்ப்பாளர் ஒருவர் வீசிய பெட்ரோல் குண்டிலிருந்து தீ பரவியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. மதுரோ அரசு நல்ல அரசு என்று நான் சொல்ல வரவில்லை; பட்டினியிலிருந்து தப்பி லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டிப் போனதற்கு அந்த அரசு பதில் சொல்ல வேண்டும். ஆனால் கெட்ட அரசைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே உண்மை ஆகிவிடாது. அன்றிலிருந்து, எதிரி நாட்டில் ஒரு கொடுமை என்று முதல் நாள் செய்தி வந்தால், அதைச் சொன்னது யார், அங்கே போய்ப் பார்த்தவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு பத்து நாள் பொறுப்பேன்.

இதை என்னைவிட நன்றாகப் புரிந்தவர் எங்கள் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. 2009-ல் வன்னிப் போர் முனைக்குள் சுதந்திரமாகப் போக எந்தச் செய்தியாளரையும் இலங்கை அரசு விடவில்லை. அதனால் உலகம் முழுவதும் செய்தி ஒரே அச்சில் வந்தது: ராணுவம் இப்படிச் சொல்கிறது, புலிகள் அப்படிச் சொல்கிறார்கள், யார் சொல்வதையும் சரிபார்க்க முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு சொன்னது 2011-ல். "அவையள் பொய் சொல்லேல்லை தங்கச்சி," என்றார் அக்கா ஒரு நாள். "ஆனா ஆரின்ர கதையை முதல்ல சொல்லினமோ, அதுதான் கேக்கிற ஆக்களின்ர மனசில நிக்கும். மற்றது மறுப்பு எண்டு ஆகிப்போம்." ஊடகப் படிப்புப் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் செய்தி கேட்கும் விதமே அதற்குப் பிறகு மாறியது. எந்தச் செய்தியிலும் முதல் குரல் யாருடையது என்று பார்ப்பேன்.

கதவை அடைக்கும் அரசுகளுக்கு இந்த முறை எப்போதும் லாபம்தான். அதே சமயம் அவர்களுக்குப் பிடிக்காத விளைவும் உண்டு. சீனாவில் வேலை பார்த்த என்பிஆர் செய்தியாளர் எமிலி ஃபெங்கை மறுபடி உள்ளே விடவில்லை. அவர் தைவானிலிருந்து சீனாவைப் பற்றிச் செய்தி அனுப்பினார். பெய்ஜிங் தெருவில் நின்று பேச வேண்டியவர் தைபேயில் உட்கார்ந்து போனில் பேச வேண்டியிருந்தால், அரசின் முகம் பெரிதாகவும் மக்களின் முகம் சிறிதாகவும்தான் தெரியும். இதற்கு வானொலியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

சொந்த ஆள் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அனாஸ் பாபாவைக் கேளுங்கள். காஸாவைச் சேர்ந்த என்பிஆர் தயாரிப்பாளர். வெளிநாட்டுச் செய்தியாளர் யாரையும் இஸ்ரேல் சுதந்திரமாக உள்ளே விடாத போரில், அவர் உள்ளே இருந்தே செய்தி அனுப்பினார். 2025 கோடையில் உணவு விநியோக மையத்துக்கு அவரே உணவு தேடிப் போய், அந்தக் கூட்டத்துக்குள் என்ன நடந்தது என்று சொன்னார். அந்தச் செய்தி வந்தபோது நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன். இஸ்ரேல் ராணுவம் சொல்வது, ஹமாஸ் சொல்வது என்று அதிலும் வந்தது. ஆனால் முதல் குரல் அங்கே நின்றவருடையது. 2001-ன் கணக்கை வைத்து இன்றைய என்பிஆரை அப்படியே எடை போட முடியாது என்று நான் சொல்வதற்கு அவரும் அவரைப் போன்றவர்களும்தான் காரணம். இதே காலத்துச் செய்திகளைத்தான், 2024 ஏப்ரலில், அங்கே நெடுங்காலம் ஆசிரியராக இருந்த யூரி பெர்லினர் எதிர்ப்பக்கத்திலிருந்து சாடினார். தன் நிறுவனம் ஒரே கோணத்தில் யோசிக்கிறது என்று வெளியில் கட்டுரை எழுதிவிட்டு விலகினார். அவர் சொன்னதில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் செய்தியறையில் எல்லோரும் ஒரே மாதிரிப் பள்ளியில் படித்து ஒரே மாதிரி வாழ்கிறவர்கள் என்ற கவலை நியாயமானது. வாஷிங்டன் கோணலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஈரானியத் தோழிக்கு நான் பதிலாகக் கொடுத்தது 'த்ரூலைன்' என்ற என்பிஆர் நிகழ்ச்சியை. 2019 பிப்ரவரியில் அது தொடங்கியபோது முதல் பகுதியே 1953-ல் ஈரானின் பிரதமர் மொசாதேக்கை சிஐஏ கவிழ்த்த கதை. நிகழ்ச்சி நடத்தும் இருவரில் ஒருவர் ஈரானில் பிறந்தவர். அவள் வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து, "இது தெரிந்தவர்கள் காலைச் செய்தியில் ஏன் எதுவும் தெரியாத மாதிரி பேசுகிறார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. காலைச் செய்தியில் ஈரானின் வரலாறு 1979-ல் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்ததிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே நிறுவனத்துக்குள் விவரம் இருக்கிறது; அரை நிமிடச் செய்திக்குள் அது வந்து சேர்வதில்லை. ஒரு வாக்கியம் போதும், வந்துவிடும். செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

பிபிசியைப் பற்றி நல்லதாகச் சொன்னதால், அது தூய தங்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிபிசி உலக சேவைக்கு 2014 வரை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையே நேரடியாகப் பணம் கொடுத்தது. இன்றும் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. மத்தியக் கிழக்குச் செய்திகளைப் பற்றி 2004-ல் எழுதப்பட்ட பாலன் அறிக்கையை பிபிசி வெளியிடவே இல்லை. வெளியிடாமல் இருப்பதற்காக பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போராடி 2012-ல் ஜெயித்தது. தன் கணக்கைத் திறந்து காட்டும் விஷயத்தில் என்பிஆர் பக்கம்தான் நான். 2006-ல் பிபிசி நியமித்த தனிக் குழு, வேண்டுமென்றே செய்த சாய்வு இல்லை, ஆனால் சொல்லப்படும் சித்திரம் முழுமையாக இல்லை, அந்த வகையில் தவறாக வழிநடத்துகிறது என்று எழுதியது. அதை அப்படியே எடுத்து என்பிஆருக்கும் பொருத்தலாம். இலங்கை விஷயத்தில் பிபிசி செய்த ஒரு காரியத்துக்காக அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் அலைவரிசையில் பிபிசி செய்திகளை இடைமறித்துக்கொண்டே இருந்ததால் 2009 பிப்ரவரியிலும், தமிழ் நிகழ்ச்சிகளை வெட்டியதால் 2013 மார்ச்சிலும், அந்தக் கூட்டுத்தாபனத்துக்கு நிகழ்ச்சி கொடுப்பதையே நிறுத்தியது. வெட்டிய செய்தியைத் தன் பெயரில் ஓடவிட மறுத்தது.

பயன்படுத்தும் வசதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப் இலவசம், உள்ளூர் நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். இணையதளத்தில் பெரும்பாலான செய்திகளுக்கு எழுத்துப் பிரதி கிடைக்கும். ஆங்கிலச் செய்தியை வேகமாகக் கேட்கச் சிரமப்படும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. திருத்தங்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. வெளிநாட்டுச் செய்திகளின் கீழ் வரும் திருத்தங்களைப் படித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர், பதவிப் பெயர் என்று சின்னத் தவறுகள்கூடப் பதிவாகியிருக்கும்.

எதைக் கேட்கலாம் என்று கேட்டால்: மணிக்கொரு முறை வரும் ஐந்து நிமிடத்தை வானிலை அறிவிப்பு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து எந்த நாட்டையும் தீர்மானிக்க வேண்டாம். செய்தியாளர் எந்த ஊரின் பெயரைச் சொல்லி முடிக்கிறார் என்று கவனியுங்கள். காஸா, நைரோபி, மும்பை என்று முடித்தால் உட்கார்ந்து கேளுங்கள். வாஷிங்டன் என்று முடித்தால், அது அமெரிக்க அரசைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொண்டால் போதும். அந்த வகையில் நன்றாகவே செய்கிறார்கள். பிற்பகலில் வெளியில் இருந்தால் 89.7-ல் 'தி வேர்ல்ட்' கேளுங்கள். 1996-லிருந்து போஸ்டனிலேயே தயாராகும் நிகழ்ச்சி, வெளிநாட்டுச் செய்திக்கென்றே ஒரு மணி நேரம், ஆரம்பத்தில் பிபிசியும் கூட்டாகச் சேர்ந்து நடத்தியது. அதில் அந்தந்த நாட்டுக்காரர்கள் தாங்களே பேசுவதை அதிகம் கேட்கலாம். உங்கள் பணம் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், என்னைக் கேட்டால், வெளிநாட்டில் ஆள் வைத்திருக்கும் இடத்துக்குக் கொடுங்கள். 2025-ல் மத்திய அரசுப் பணம் போய்விட்டதால் முதலில் வெட்டு விழக்கூடிய இடம் தூரத்து ஊர்ச் செய்தியாளர்கள்தான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் மாதச் சந்தாவை ஏற்றிக் கட்டியிருக்கிறேன். படிவத்தில் கருத்து எழுதும் கட்டத்தில், தெற்காசியாவுக்கு இன்னும் ஒருவரை அனுப்புங்கள் என்று எழுதினேன்.